என் பாசில் போன மனிதர்

துறைமுகத்துக் கொந்தராத்து வேலையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் ஒரு நாளைக்கு வேலைக்குப் போக முடியாவிட்டால், துறைமுகத்துக்குள் நுழைய விடுகிற தன் வாசல் பாஸ் அட்டையைச் சும்மா வீட்டில் வைத்திருக்கமாட்டான். பாஸ் இல்லாத இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவான். காலையில் சூப்பர்வைசர் எல்லாப் பாசையும் வாங்கி ஒரு கட்டாக வாசலில் நீட்டுவார். காவலில் நிற்பவர்கள் பாசை எண்ணுவார்கள், பிறகு எங்கள் தலைகளை எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துவந்தால் உள்ளே விடுவார்கள். முகத்தை யார் பார்த்தது? எல்லோருக்கும் தொப்பி, மூக்கைச் சுற்றித் துணி. வெயிலில் வெளுத்துப்போன அந்தப் படத்தில் இருப்பது யார் என்று என்னைப் பெற்றவளைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்லுவாள்.

இதை நாங்கள் களவு என்று நினைத்ததே இல்லை. ஒரு வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியும், அவ்வளவுதான். பாசைக் கொடுக்காமல் அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனவனைத்தான் கஞ்சப்பயல் என்று பேசுவோம். சூப்பர்வைசருக்கும் தெரியும். அவருக்குத் தேவை ஆட்களின் தொகை, ஆள் இல்லை.

இந்தக் கதையில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர்களால் நாங்கள் பட்ட பாடு போதும்.

முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் நானா என்று கூப்பிடுகிற மனிதர் கிண்ணியாக்காரர். என்னை விட எட்டு வயது மூத்தவர். ஒவ்வொரு நாளும் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வருவார். கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலையில் இருபது வருடம் பழகிய கை. எனக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித் தந்தவர் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தேநீர்க் கடையில் ஒரே வாங்கில் இருந்து ஒரே ஆட்களைத் திட்டுகிறவர்கள். அப்படித்தான் சிநேகம். அவருடைய பாஸ் முடிந்துபோயிருந்தது. புதுப் பாசுக்குப் பொலிஸ் அறிக்கை வேண்டும். அறிக்கை எங்கேயோ ஒரு மேசையில் படுத்துக் கிடந்தது. இரண்டு கிழமையாக மனிதர் வீட்டில்.

தம்பலகாமத்தில் என் மனைவியின் தங்கை புது வீடு கட்டிக் குடிபூரல் வைத்திருந்தாள். நான் போகாவிட்டால் அந்தக் குறை பத்து வருடத்துக்கு ஓடும். முதல் நாள் பின்னேரம் கிண்ணியாவுக்குப் போய் நானாவிடம் பாசைக் கொடுத்தேன்.

“நாளைக்கு என்ன வேல தம்பி?” என்று கேட்டார்.

“கப்பல்ட அடி டாங்கி. பழைய பெயின்ற்ற உரிச்சுப்போட்டு தின்னரால துடைக்கிறது.”

“காத்தாடி போட்டிரிக்காங்களா?”

“போடுவாங்கள்” என்றேன்.

அடி டாங்கி என்றால் கப்பலின் அடியில் இருக்கிற இரும்புத் தொட்டி; ஒரு ஆள் குனிந்து நுழைகிற வாசல், உள்ளே இருட்டு, வேறு வழியில்லை. வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற காத்தாடி ஓடினால்தான் அங்கே மனிதன் மூச்சு விடலாம். அந்தக் காத்தாடி இரண்டு நாளாகப் பழுது. அது எனக்குத் தெரியும். நாளைக்குத் திருத்திவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று என்னால் எழுத முடியும். ஆனால் உண்மையில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. மனைவி வாங்கச் சொன்ன குத்துவிளக்குக் கடை பூட்டிவிடுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் தம்பலகாமத்தில் பால் பொங்கி முடிந்து, ஆட்கள் சாப்பிட இருக்கும்போது என் மனைவியின் போன் அடித்தது. அவசரத்துக்கு அழைக்க என்று என் பாசில் எழுதியிருப்பது அவளுடைய நம்பர். அவள் கேட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாயில் அரை வடை.

“எங்கட அவரோ? டாங்கிக்குள்ள மயங்கி விழுந்திட்டாரோ? நல்ல கதை! அவர் இஞ்ச நிண்டு வடை சாப்பிடுறார்” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

யாரோ பகிடி விடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். நான் வடையைத் துப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நானாவின் மனைவி நின்றாள். அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுவேன். கூட வேலை செய்கிற பையன்களில் ஒருவன் சொல்லி ஓடிவந்திருக்கிறாள். உள்ளே தன் புருசனுடைய பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவர் வரவேயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு நாளில் என் முன்னால் முக்காடு விலகாமல் பேசுகிறவள்.

“அப்பிடி ஆள் இல்லையாம் தம்பி. மௌத்தாப் போயிட்டாரா? மறைக்காம சொல்லுங்க.”

“இல்லை ராத்தா. என்ட பேரைச் சொல்லிக் கேளுங்கோ.”

அவளுக்கு விளங்கவில்லை. நானே போய் என் பெயரைச் சொல்லி, நான் எந்த வாட்டில் இருக்கிறேன் என்று கேட்டேன். நானா மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தார். கண் மூடியிருந்தது. தலைமாட்டில் தொங்கிய அட்டையில் என் பெயர், என் வயது, என் சமயம். அன்றைக்கு அவர் போயிருந்தால் உடலை என் மனைவியைக் கூப்பிட்டு ஒப்படைத்திருப்பார்கள். இன்றைக்கும் குளித்துக்கொண்டு நிற்கும்போது அந்த நினைவு வரும். வாளியை வைத்துவிட்டு நிற்பேன்.

அவரை டாங்கியிலிருந்து இழுத்தெடுத்த இரண்டு பேருக்கும் வாந்தியும் தலைச்சுற்றும். வாசலில் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆளும் வைக்கப்படவில்லை. உள்ளிருந்து சுரண்டுகிற சத்தம் நின்றுபோனதை யாரோ தற்செயலாகக் கவனித்ததால்தான் நானாவுக்கு உயிர் இருந்தது.

சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோனார். “இப்ப பேரை மாத்தினா கொந்தராத்தே போயிடும். முப்பது குடும்பம் தெருவில நிக்கும். ஆள் தப்பிட்டார்தானே. சுகமாகி வீட்ட போகட்டும், மிச்சத்த நான் பாக்கிறன்” என்றார். நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போனபோது ஒரு கடதாசி நீட்டினார். டைப் அடித்த சிங்களம். எனக்குச் சிங்களம் பேசவரும், வாசிக்கவராது. “வருத்தத்தால நிண்டு திரும்பி வாறதுக்கு ஒரு கடிதம்” என்றார். நோய் வந்தது எனக்கில்லை என்று தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்தேன். என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

நானா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். பெயின்ற் வேலை செய்கிற எங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு, பால் குடித்தால் நஞ்சு கழுவுப்பட்டுப் போய்விடும் என்று. நான் பாலும் இளநீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா மூன்று நேரமும் காய்ச்சிக் கொடுத்தாள். ஒரு மாதம் போனது. தலையிடி போகவில்லை. கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி என்றார். சேட்டுப் பொத்தான் போட முடியவில்லை. குசினியில் கறி கருகிப் புகை எழும்புகிறது, பக்கத்தில் கதிரையில் இருக்கிற மனிதருக்கு மணம் தெரியவில்லை. பள்ளிவாசலுக்குப் போய் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று பாதியில் மறந்து நிற்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளினிக்குக்கு மாதத்துக்கு ஒருதரம் போகவேண்டும். கிளினிக் கொப்பி என் பெயரில். அதனால் நானும் என் அடையாள அட்டையோடு கூடப் போவேன். நானா என் பிறந்த திகதி, விலாசம், மனைவியின் பெயர் எல்லாவற்றையும் பாடமாக்கி வைத்திருந்தார்.

“உங்கட ஊட்டுக்காரிட பேரையும் பாடமாக்கிட்டன். எங்கட ஊட்டுக்காரிக்குக் கேட்டா என்னக் கொன்னுபோடுவா” என்று சிரிப்பார்.

டொக்டர் பொறுமையான மனிதர். தின்னரின் ஆவி மூச்சோடு இரத்தத்தில் இறங்கி நரம்பையும் மூளையையும் பிடிக்கும் என்று விளக்கினார். மூடிய இடத்தில் ஒரே நாளில் ஆளை விழுத்தும். திறந்த இடத்திலும் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இவருக்கு இரண்டும் நடந்திருக்கிறது என்றார். ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதிக்க எழுதினார். பால் நுரையீரலைக் கழுவாது என்றார். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவேண்டாம் என்றார். முகத்தில் கட்டுகிற துணி தூசிக்குக்கூடக் காணாது, ஆவிக்கு அதற்கென்று வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: “லீவு நாளில தலையிடி இல்லாம, வேலைக்குப் போற நாளில மட்டும் வாறதா?”

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம். டொக்டர் என்னைப் பார்த்து, “நீங்க யார்?” என்றார்.

“சொந்தக்காரன்” என்றேன்.

சில நரம்பு மெல்ல மெல்லத் திரும்பும், சிலது திரும்பாது, இனி இந்த வேலைக்குப் போகவே கூடாது என்று சொல்லி ஒரு கடிதம் தந்தார். அதுவும் என் பெயரில்தான்.

கடிதத்தைக் கொண்டுபோய், கப்பல் வேலையை ஒப்பந்தமாக எடுத்து எங்களை வைத்திருந்த கொந்தராத்துக்காரரிடம் காட்டினோம். மனிதர் கோபப்படவேயில்லை. ஒரு கோப்பைத் திறந்து நான் கையெழுத்து வைத்த கடதாசியை எடுத்தார். நான் பூரண சுகமடைந்துவிட்டேன், அவரிடம் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்ததாம். வரவுப் புத்தகத்தையும் காட்டினார். டாங்கியில் விழுந்தவர் மூன்றாம் நாளே வேலைக்கு வந்திருக்கிறார், அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. “இந்த நானா யார்? இவர் எங்கட வேலையாளே இல்லையே” என்றார். நான் வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் நானாவுக்கு வருத்தமே இல்லை என்பதற்குச் சாட்சியாக நின்றிருக்கிறது. அந்த அறையில் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல்.

இலவசமாகச் சட்ட உதவி செய்கிற இடமொன்று நகரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு இளம் பெண் சட்டத்தரணி எங்கள் கதையைக் கேட்டுவிட்டு முதலில் எனக்கு நல்ல ஏச்சுத் தந்தாள். பிறகு பேனையை எடுத்தாள்.

“பாசில யார்ட பேர் எண்டது பெரிய விசயமில்லை. வேலை செய்தது யார், செய்விச்சது யார் எண்டதுதான். ஆள் மாறி வந்தது சூப்பர்வைசருக்குத் தெரியும்தானே?”

“ஓம். தெரிஞ்சுதான் இறக்கினவர்.”

“அப்ப இவர் தொழிலாளிதான். நட்டஈடு கேக்கலாம். கொந்தராத்துக்காரருக்கு வேலை குடுத்த கொம்பனியையும் சேர்த்துக் கேக்கலாம். லேபர் ஒபிசில பாதுகாப்பு இல்லையெண்டு முறைப்பாடு குடுத்தா அவை வந்து பாப்பினம்; அது மிச்ச ஆக்களுக்கு நல்லது. கோட்டில பெரிய வழக்கும் வைக்கலாம், ஆனா அது இழுபடும், ரெண்டு வழியிலயும் ஒரே நட்டத்த வாங்க ஏலாது. எதுக்கும் காலக்கெடு இருக்கு. நீங்கள் இப்பவே பிந்திட்டீங்கள்.”

“நான் வைச்ச கையெழுத்து?”

“நட்டஈடு வேண்டாம் எண்டு எழுதி வாங்கினா அது சட்டத்துக்கு முன்னால நிக்காது. பிரச்சினை அதில்லை. அந்தக் கையெழுத்து உங்கட. கிளினிக் கொப்பி உங்கட பேரில. கடதாசியில பாத்தா உங்களுக்குத்தான் வருத்தம், நீங்கள்தான் சுகமா வேலைக்கும் போறீங்கள். விழுந்தது இவர் எண்டு நீங்கள் சத்தியக் கடதாசி முடிச்சுத் தரவேணும்.”

“தந்தா எனக்கு என்ன நடக்கும்?”

அவள் பொய் சொல்லவில்லை. “பாஸ் போகும். அதுக்கு மேல கேஸ் ஏதும் வருமோ எண்டு என்னால உறுதியாச் சொல்ல ஏலாது.”

நானா உடனே எழும்பிவிட்டார். “வேணாம் மகள். தம்பிக்கு ரெண்டு புள்ள இரிக்கு. இது அல்லாஹ் எழுதினது, நான் பாத்துக்குவன்” என்றார். வெளியே வந்து செருப்புப் போடும்போது அவருடைய கால் செருப்பைத் தேடித் தடவியது. நான் குனிந்து போட்டுவிட்டேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆறு கிழமை இழுத்தேன். என் மனைவி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எப்பிடிச் சீவிக்கிறதெண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றாள். அப்படிக் கேட்டதற்கு அவளோடு சண்டை பிடித்தேன். பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடித்தேன். கூட வேலை செய்தவர்களிடம் சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டேன். ஒவ்வொருவனும் நிலத்தைப் பார்த்தான். அவர்களைத் திட்டினேன். நானே என் வாயைத் திறக்காமல் மற்றவன் வாயைத் திறக்கச் சொன்னால் அவன் வேறு எங்கே பார்ப்பான்?

அடுத்த கிளினிக் நாள் வந்தது. புது நேர்ஸ் ஒருத்தி கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, “பிறந்த திகதியைச் சொல்லுங்கோ” என்றாள். ஒவ்வொரு மாதமும் தண்ணீர் போலச் சொல்லுகிறவர் நின்றார். உதடு அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, நான் எப்ப பிறந்தனான்?”

நேர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் என் திகதியைச் சொன்னேன். அந்தத் திகதியைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் கையை, தன் மணத்தை, தன் தொழுகையை இழந்துகொண்டிருக்கிற ஒரு மனிதர், இருக்கிற ஞாபகத்தையும் என்னைக் காப்பாற்றுவதற்குச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை சமாதான நீதவானுடைய வீட்டுக்குப் போய்ச் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். இந்தமுறை ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு கிழமையில் என் பாசை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஒரு ஹார்ட்வெயார்க் கடையில் சீமெந்து ஏற்றி இறக்குகிறேன். மனைவி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். வேறு கேஸ் இதுவரை வரவில்லை. கதவை யாராவது பலமாகத் தட்டினால் இன்னும் முதலில் ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன்.

நட்டஈட்டு விசாரணை கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகக் கட்டடத்தில் ஒரு சின்ன அறையில் நடந்தது. நானாவும் ராத்தாவும் நானும் எங்கள் சட்டத்தரணியும் ஒரு பக்கம். கொந்தராத்துக்காரர், அவருடைய சட்டத்தரணி, சூப்பர்வைசர் மற்றப் பக்கம். நடுவில் கண்ணாடி போட்ட அதிகாரி எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

நானா அன்றைக்குத் தெளிவாகப் பேசினார். உள்ளே இறங்கிய நேரம், தின்னர் பீப்பாவின் நிறம், பக்கத்தில் நின்றவர்கள், எல்லாம் சொன்னார். காத்தாடி ஓடவில்லை என்றும் சொன்னார். அப்போது கொந்தராத்துக்காரரின் சட்டத்தரணி எழும்பினார்.

“இருபது வருசம் அனுபவம் உள்ள ஆள் நீங்க. காத்தாடி இல்லாம டாங்கிக்குள்ள இறங்கினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்.”

“உங்களை யாரும் தள்ளி விழுத்தினதோ?”

“இல்ல.”

“அப்ப ஏன் இறங்கினீங்க? ஏலாது எண்டு சொல்லிட்டு வீட்ட போயிருக்கலாமே.”

அதிகாரி பேனையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சட்டத்தரணி, பதில் சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். நானா மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தானாகத் தேடி விழுந்தார் என்று எழுதிவிடப்போகிறார்கள் என்று பயம் பிடித்தது. நான் எழும்பிவிட்டேன்.

“ஐயா, காத்தாடி ரெண்டு நாளாப் பழுது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டு இவரிட்ட பாசைக் குடுத்தனான். போடுவாங்கள் எண்டு சொன்னனான். பிழை என்னில.”

சத்தியக் கடதாசியில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன்.

“தம்பி, இரிங்க” என்று கதிரையைக் காட்டினார் நானா. பிறகு அதிகாரியைப் பார்த்தார். “தம்பி பேசாம இருந்திருந்தா நானும் சொல்லியிருக்கமாட்டன் ஐயா. வாசல்ல குடுத்தது தம்பிட பாஸ். சூப்பர்வைசர்ட பொத்தகத்தில இரிக்கிறது தம்பிட பேர். நான் ஏலாதெண்டு திரும்பியிருந்தா, அண்டைக்கே தம்பிட பேரத்தான் வெட்டியிருப்பாங்க. பாஸ் தந்து வேல குடுத்த மனிசன்ட பேரக் கெடுக்க எனக்கு மனசு வரல்ல. அதுதான் இறங்கின.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். சூப்பர்வைசர் குனிந்துகொண்டார். “இரிங்க தம்பி” என்று நானா இன்னொருதரம் சொன்னார். என்னால் இருக்க முடியவில்லை.